சிமெண்டுக் கம்பளமும் உன் வேலு மாமாவும்

மீனா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. முகூர்த்தப் புடவையின் நிறம், மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கூடுதல் அறைகள், கோயம்புத்தூர் ஆபீசில் லீவு கொடுக்க மூக்கால் அழுதது, எல்லாவற்றையும் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் இடமில்லாமல் ஓரமாகத் திருப்பி எழுதியிருந்த வரிகளை மட்டும் வாசிக்கவில்லை. "மாமா கடைக்குப் போன் போட்டேன். கல்யாணத்துக்கு வருவீங்கள்ல என்று கேட்டேன். உங்க அப்பாவைக் கேளும்மா என்று சொல்லி வைத்துவிட்டார். தாய்மாமன் வராமல் நான் மணவறையில் உட்கார மாட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்னதான் நடந்தது அப்பா?" நீ பிடிவாதக்காரி. உட்கார மாட்டேன் என்றால் உட்கார மாட்டாய். அந்தப் பயத்தில் மூன்று பதில் எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டேன். மறைக்க வேண்டும் என்று இல்லை. என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் விஷயம். நாலாவதாக எழுதும் இதில் குழப்பத்தைக் குழப்பமாகவே எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கும் காட்டு. யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

இதைச் சொல்ல என் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட பாரத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நீ 'சொந்தத் தொழில்' என்று எழுதுவாய். கார்ப்பெட் கழுவுகிறவர் என்று எழுதக் கூச்சம் உனக்கு. நான் பார்த்துவிட்டுப் பேசாமல் கையெழுத்துப் போட்டேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மெட்ராஸில் ஒரு பெரிய ஓட்டலில் ஆறு வருஷம் கம்பளம் சுத்தம் செய்யும் வேலை பார்த்துவிட்டு, அவர்கள் கழித்துக் கட்டிய தூசி உறிஞ்சும் மெஷினையும், வட்டமாகச் சுற்றும் பிரஷ் மெஷினையும் வாங்கிக்கொண்டு ராஜபாளையத்துக்கு வந்து இறங்கியபோது உனக்கு மூன்று வயது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. "பாய் கழுவுறதுக்கு எம்புட்டுப் பெரிய மெஷினு!" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அப்போதுதான் மில் ஆபீஸ்களிலும், லாட்ஜ்களிலும், டாக்டர்களின் ஏசி அறைகளிலும் சுவருக்குச் சுவர் கம்பளம் ஒட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒட்டத் தெரிந்தவர்களுக்குக் கழுவத் தெரியவில்லை. வாளித் தண்ணீரை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்ப்பார்கள். அடியில் இருக்கும் சணல் நனைந்து, மேலே டீ கொட்டியதுபோலப் பழுப்பேறி, ஒரு வாரம் நாறும். பிறகு என்னைத் தேடி வருவார்கள்.

ஊர் மிதித்து அழுக்கேறிய கம்பளத்துக்கு முதல் வைத்தியம் தண்ணீர் அல்ல. உலர்ந்த தூசியை எடுப்பது. கம்பளத்து அழுக்கில் பெரும்பகுதி வெறும் மண்ணும் பஞ்சும்தான், தண்ணீர் படும்வரை அது உன்னுடைய எதிரி இல்லை. குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை, வாசற்படி பக்கம் இன்னும் இரண்டு தடவை மெஷினை மெதுவாக இழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மருந்து கலந்த தண்ணீரைத் தெளித்துச் செத்த நேரம் ஊறவிடுவது, பிரஷ் ஓட்டுவது, அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுப்பது, ஃபேன் வைத்துக் காயவிடுவது எல்லாம். ஷாம்பூவை அதிகம் போட்டால் பிசுபிசுப்பு தங்கி, கழுவுவதற்கு முன்பு இருந்ததைவிடச் சீக்கிரம் அழுக்காகும். தண்ணீரை அதிகம் விட்டால், அன்றைக்குக் காணாமல் போன கறை மறுநாள் காயக் காய அடியிலிருந்து நூல் வழியாக ஏறி அதே இடத்தில் எட்டிப் பார்க்கும். உடனே மறுபடி நனைத்துத் தேய்க்கக் கூடாது. உலர்ந்த துணியை விரித்து மேலே கனமாக எதையாவது வைத்துவிட்டுக் காத்திருந்தால், ஏறுகிற கறையைத் துணி வாங்கிக்கொள்ளும். கல்யாணத்தையும் கம்பளத்தையும் முடிச்சுப் போட்டு உபதேசம் செய்யப் போகிறேன் என்று பயப்படாதே. உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாமா என்னோடு சேர்ந்தது நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது. உன் அம்மாதான் சொன்னாள், "வேலு சும்மாதான் இருக்கான், கூட்டிட்டுப் போங்களேன்" என்று. சும்மா இருந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துத்தான் கூட்டிப் போனேன். மஞ்சள் கறைக் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒரு மண்டபத்தில் மணமகள் அறைக்கு வெள்ளைக் கம்பளம் போட்டு, முதல் கல்யாணத்திலேயே மஞ்சள் தண்ணீர் கொட்டிவிட்டது. ஷாம்பூ பட்டதும் மஞ்சள் குங்குமச் சிவப்பாக மாறி மண்டபத்துக்காரர் தலையில் கை வைத்தார். நான் வினிகரை ஒற்றி எடுத்துச் சிவப்பை இறக்கி, கம்பளத்தை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டு மிச்சத்தையும் போக்கினேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையில் ஒரு திருத்தம். ஷாம்பூவைப் போட்டுச் சிவப்பாக்கியது நான். மண்டபத்துக்காரருக்குப் பக்கத்தில் நின்று தலையில் கை வைத்ததும் நான். "சுண்ணாம்பு பட்டா மஞ்சள் செவக்கும்ல அத்தான், அதே மாதிரி சோப்புல செவந்திருக்கு. புளிப்பா எதையாவது வச்சுப் பாப்பம்" என்று கடைக்கு ஓடி வினிகர் வாங்கி வந்தவர் உன் மாமா. மஞ்சள் வெயிலுக்கு வெளுக்கும் என்று சொன்னதும் அவர்தான். மண்டபத்துக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் குலுக்கிக்கொண்டேன். மாமா அந்தப் பக்கம் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

இனி அந்த நாள். நீ எட்டாம் வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிமெண்டு ஏஜென்சி. முன்னால் நீளமான ஆபீஸ், பின்னால் கதவைத் திறந்தால் மூட்டை அடுக்கிய கொடவுன். மூட்டை இறக்குகிறவர்கள் நடந்து நடந்து நீலக் கம்பளம் சாம்பல் நிறமாகிவிட்டது. மறுநாள் காலை கம்பெனி அதிகாரிகள் வருகிறார்கள், அதற்குள் பளபளவென்று வேண்டும் என்றார் முதலாளி. சிமெண்டுத் தூசியைத் துளிகூட மிச்சமில்லாமல் உலர எடுப்பதற்கு முன்பே தண்ணீர் காட்டினால் என்ன ஆகும் என்று கொத்தனார் வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்களுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் செய்தோம், அல்லது செய்தேன்.

மாமா உள்ளே தூசி எடுத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே குழாயடியில் மருந்து கலந்துகொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. வெகுநேரம் காத்திருந்துவிட்டு மாமா டீ குடிக்கப் போனார். அவர் தெரு முனை திரும்புவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. நேரமாகிறதே என்று நான் பிரஷ் மெஷினைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கொடவுன் கதவுப் பக்கமிருந்து ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் முடிந்துவிட்டது, ரோட்டுப் பக்கம்தான் பாக்கி என்று மாமா சொன்னதாக எனக்கு ஞாபகம். அவர் திரும்பி வந்தபோது அந்தப் பாதி நுரையாக நின்றது. நானே தூசி எடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்திருப்பேன் என்று நினைத்தாராம். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதிப் பாதியையும் முடித்து, ஃபேனைப் போட்டுவிட்டு, பொழுது சாயும் நேரத்துப் பஸ்ஸில் பேசிச் சிரித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கொடவுன் பக்கத்துக் கம்பளம் காய்ந்த ரொட்டி மாதிரி விறைத்துக் கிடந்தது. கால் வைத்தால் நொறுங்கும் சத்தம். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார். வாசலில் அதிகாரிகளின் கார் வந்து நின்றது. நான் மாமாவைக் கை காட்டினேன். "தூசி எடுக்க வேண்டியது அவன் சார். அவன்தான் எடுக்கல." இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாமா, "நான் அந்தப் பக்கம் முடிஞ்சதுன்னு சொல்லவே இல்லையே அத்தான்" என்று மெதுவாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் என்னோடு ஏறவில்லை. அன்றிலிருந்து நம் வீட்டுப் படி மிதிக்கவில்லை. பொங்கலுக்கு உன் அம்மா மட்டும் மாமா வீட்டுக்கு மம்சாபுரம் போய் வருவாள், நீ கேட்டால் மாமாவுக்குக் கடையில் வேலை என்பாள்.

ஒன்பது வருஷமாக நான் யோசித்துக்கொண்டிருப்பது ஒன்றேதான். அவர் சொன்னாரா, சொல்லவில்லையா? சில நாள் அவர் சொன்னது அப்படியே காதில் கேட்கிறது. சில நாள் அது வேறொரு மில்லில் வேறொரு நாள் சொன்னதோ என்று தோன்றுகிறது. சொல்லாமல் இருந்தால் தப்பு என்னுடையது, போய் மன்னிப்புக் கேட்கலாம். சொல்லியிருந்தால் அவருடையது, அவர் வரட்டும். எது என்று தெரியாமல் எப்படிப் போவது? இப்படி நினைத்து நினைத்தே காலம் ஓடிவிட்டது. கிறுக்குத்தனம் என்று நீ சொல்வாய். எனக்கும் இப்போது அப்படித்தான் படுகிறது.

இது வரை எழுதி வைத்துவிட்டு, நேற்று வெள்ளிக்கிழமை மம்சாபுரம் போய் வந்தேன். உன் அம்மாவிடம் மில்லுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று பால்கோவா வாங்கிக்கொண்டேன். மாமா இப்போது பந்தல், நாற்காலி, சிவப்புக் கம்பளம் எல்லாம் வாடகைக்கு விடுகிறார், உனக்குத் தெரியுமே. கடைக்குப் பக்கத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி, கம்பளத்தைப் போட்டுப் பிரம்பால் அடித்துக்கொண்டிருந்தார். தூசிக்குள் ஆளே தெரியவில்லை. தலையில் பாதி நரைத்துவிட்டது.

"வாங்க அத்தான்" என்றார். அடிப்பதை நிறுத்தவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பின்பக்கத்தத் திருப்பிப் போட்டு அடிச்சா மண்ணு கீழ விழும்ல மாப்ள" என்றேன்.

"தெரியும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். பின்பக்கம் முடிஞ்சிருச்சு, இது முன்பக்கம்."

பால்கோவாவை நீட்டினேன். "எனக்கு சுகர் வந்து நாலு வருஷம் ஆச்சு அத்தான். பிள்ளைக திங்கும், வைங்க" என்றார். எனக்கு அது தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், நான் கேட்டதில்லை. கையில் அந்தப் பொட்டலத்தோடு நின்றபோது எனக்கு மிகவும் அசிங்கமாக இருந்தது.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். அன்றைக்கு அவர் சொன்னாரா இல்லையா என்பது எனக்கு நிச்சயமில்லை, ஆனால் பெரியவன் நான்தான், நான் கேட்டிருக்க வேண்டும், தப்பு என் பேரிலேயே இருக்கட்டும் என்றேன். ஒன்பது வருஷம் சுமந்த சுமையை இறக்கி வைத்ததுபோல எனக்கு மூச்சு வாங்கியது. மாமா பிரம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எதைச் சொல்லுதிய? கார்ப்பெட்டையா?"

"வேற எது?"

"அது போனா போகுது அத்தான். நானும்தான் திரும்பி வந்து கேக்காம வேலையப் பாத்தேன். அதுக்கா நான் ஒன்பது வருசம் வராம இருக்கேன்?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்த முதலாளி, யாருய்யா இவன்னு கேட்டாரு. நீங்க என்ன சொன்னிய?"

"என்ன சொன்னேன்?"

"கூலிக்கு வந்த ஆளு சார், நாளைலருந்து வரமாட்டான்னு சொன்னிய. மச்சினன்னு சொல்லல. எங்க அக்காவக் கட்டுன மனுசன், எனக்கு நேரா நின்னு, கூலிக்கு வந்த ஆளுன்னு சொன்னிய."

மீனா, எனக்கு அது ஞாபகமே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் துருவித் துருவிப் பார்த்தேன். முதலாளியின் பனியன் கிழிசல் ஞாபகம் இருக்கிறது. ஆணியில் கோணலாகத் தொங்கிய காலண்டர் ஞாபகம் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியம் மட்டும் இல்லை. சொல்லியிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய நினைத்தால் நாக்கு எழவில்லை. குடும்பத்தோடு வந்து கெடுத்துவிட்டான் என்று ஊர் பேசக் கூடாது, கூலியாள் கெடுத்தான் என்றால் பேர் தப்பிக்கும் என்று அந்த நிமிஷத்தில் நினைக்கக் கூடிய ஆள்தான் நான். வினிகர் விஷயத்தில் கை குலுக்கிக்கொண்டவன்தானே. சொன்னவனுக்கு மறந்துவிட்டது, கேட்டவருக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. ஒன்பது வருஷமாக நான் தவறான இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன். பொறவு நீங்க சொல்லவே மாட்டியன்னு தெரிஞ்சுபோச்சு. பேசாம இருந்துட்டேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனேன், பிறகு பசித்தது, வந்து சாப்பிட்டேன்.

கடிதத்தை இரண்டு நாள் அப்படியே போட்டுவிட்டேன். திங்கட்கிழமை உன் அம்மாவும் நானும் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு மம்சாபுரம் போனோம். தாய்மாமனுக்கு முதல் பத்திரிகை. மாமா தட்டை அக்கா கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, "மாப்ள, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் என்கூட வா. ஒரு பத்திரிகை வைக்கணும்" என்றேன். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

அந்த ஆபீஸில் இப்போது கம்பளம் இல்லை, கண்ணாடிபோல வழுக்கும் கல் போட்டிருக்கிறார்கள். முதலாளி கிழவராகிவிட்டார். நான் பஸ்ஸில் மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்ததை அவர் முன்னால் நின்று சொன்னேன்.

"சார், இவரு வேலுச்சாமி. கூலிக்கு வந்த ஆளு இல்ல. என் சம்சாரத்தோட கூடப் பிறந்த தம்பி, என் மச்சினன். என் மகளுக்குத் தாய்மாமன்."

என் குரல் தேவைக்கு அதிகமாகவே உயர்ந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோசம்" என்றார். "ஆமா, நீங்க யாரு?"

அந்த மனிதருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. கம்பளமும் இல்லை, சிமெண்டும் இல்லை, நாங்களும் இல்லை. யாரிடம் நான் பேர் கெட்டுவிடும் என்று பயந்தேனோ, அவருக்கு என் பேரே தெரியாது. நான் யார் என்று சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.

மாமா ஒரு எட்டு முன்னால் வந்து என் தோளில் கை வைத்தார்.

"இவிய எங்க அத்தான் சார்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் அழுதேன். முதலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. நீயும் கேட்காதே. அன்றைக்கு யார் என்ன சொன்னோம் என்ற குழப்பமும் தீரவில்லை, தீராது. ஆனால் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். மண்டபத்து மணவறையில் என்ன கம்பளம் என்று கேட்டார். வெள்ளை என்றேன். "வெள்ளையா? பொண்ணு வீட்டு மஞ்சள் அம்புட்டும் அதுலதான் கொட்டும். வினிகர் ரெண்டு பாட்டில் நான் வாங்கிட்டு வாரேன்" என்றார். கல்யாணத்துக்கு முந்தின நாள் இரண்டு பேருமே போய் மண்டபத்தைச் சுத்தம் செய்கிறோம். தூசி எடுப்பது அவர், தண்ணீர் விடுவது நான். அவர் முடித்துவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லும்வரை நான் சுவிட்சைத் தொட மாட்டேன். ஆகவே நீ தைரியமாக மணவறையில் உட்காரலாம்.

ஒன்று மட்டும் செய். கல்யாணக் கூட்டத்தில் மாப்பிள்ளை வீட்டார் யாராவது என்னைக் காட்டி இவர் யார், என்ன தொழில் என்று கேட்பார்கள். சொந்தத் தொழில் என்று சொல்லாதே. கார்ப்பெட் கழுவுகிறவர் என்று சொல்லவும் வேண்டாம்.

எங்கள் வேலு மாமாவுடைய அத்தான் என்று சொல்.

உன் அப்பா